உச்சந்தலையில் ஒட்டிய பூ

நாற்றுப்பண்ணைக்காரியை எல்லாரும் முள்ளக்கா என்றே கூப்பிட்டார்கள். தான் வளர்க்கும் கள்ளிகளை வைத்துச் சூட்டிய பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மையில் அவள் நாக்கை வைத்துச் சூட்டியது.

செடி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அவளுக்குப் பிடிக்காது. "இலையே காணோமே, பட்டுப்போச்சா?" என்று யாராவது கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பாள்.

"அந்த முள்ளுதாங்க அதோட இலை. அகலமா விரிச்சா வெயில் தண்ணிய உறிஞ்சிடும்னு ஊசியா சுருக்கிக்கிச்சு. பச்சையா பருத்து நிக்குதே, அது தண்டு. சமையலும் அங்கதான், தண்ணித் தொட்டியும் அங்கதான். நம்மளவிட வெவரம்."

'நம்மள' என்பது மரியாதைக்கு.

பண்ணையில் பாதி அவள் தம்பியுடையது. அவன் வாயாலேயே பந்தல் போடுகிறவன். ஒரு நாள் காலை நிழல்வலைக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டாள். ஒரு வரிசைக் கள்ளிகள் தலையில் ரோஸ் நிறப் பூவோடு நின்றன. பூக்கிற பருவமே இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். காய்ந்த பூ, கெட்டிப் பசை, கூடவே கள்ளியின் தோல்.

"என்னடா கூத்து இது?"

"பூ இருந்தா ஜனங்க ஆசையா எடுக்குறாங்கக்கா."

"மேல மெழுகு பூசிக்கிட்டு, மூச்சுத் துளையக்கூட பகல்ல மூடி ராத்திரி தெறக்குற செடிடா. அது வளர்ற உச்சந்தலையில பசைய ஊத்தியிருக்கியே, மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"நீ பாடம் நடத்து. நான் விக்கிறேன்."

விற்றும் விட்டான். அந்த மாதமே பல் மருத்துவமனையின் வரவேற்புப் பெண் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே கள்ளிகள் கொழகொழத்துச் சாய்ந்து கிடந்தன. தம்பி அசரவில்லை. "உங்க ஏசி ஒத்துக்கலம்மா" என்றான்.

முள்ளக்கா கத்தியால் ஒன்றைப் பிளந்தாள். உள்ளே பழுப்புக் கூழ். "தினமும் தண்ணி ஊத்துனீங்களா?"

"பூ வாடாம இருக்கணும்னா ஊத்தச் சொன்னாருங்களே."

"அவன் சொன்னான், நீங்களும் கேட்டீங்க. நல்ல ஜோடி." தன் பக்கத்திலிருந்து முரட்டுக் கள்ளி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத வச்சுட்டு மறந்துடுங்க. அதுபாட்டுக்கு வாழும்."

அந்தப் பெண் தயங்கினாள். "பூ வச்சது இல்லீங்களா?"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைத் தன் வரிசைக்குக் கூட்டிப்போனான்.

மறுநாளே முள்ளக்கா பண்ணைக்கு நடுவில் கம்பிவலை கட்டினாள். அட்டைப்பெட்டியில் திரும்பி வந்த கள்ளிகளில் அழுகாத தலைகளை மட்டும் அறுத்து, மறுபடி நடுவதற்காக வெட்டுவாய் காய நிழலில் பரப்பினாள். வலைக்கு அந்தப் பக்கம் கூட்டம் மொய்த்தது. இந்தப் பக்கம் ஈ காக்காகூட இல்லை.

"அக்கா, நான் சாப்பிட்டு வந்துடறேன். என் பக்கமும் கொஞ்சம் பாத்துக்க."

அவள் நிமிரவே இல்லை. பேசத் தகுதியானவர்களிடம் மட்டும் பேசுவது என்று காலையில்தான் முடிவெடுத்திருந்தாள். பொழுது சாயும்வரை ஒரு வார்த்தைகூடப் பேச நேரவில்லை.