கம்பத்தில் ஒட்டிய நெவேனா

வசில்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருடம் ஊர்க்கோடியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லத்திலேயே போயிற்று. சம்பளப் பட்டியலில் அவள் துப்புரவுப் பணியாள். தரையைத் துடைத்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அறுபது பேருக்கு ஊட்டிவிட்டதும், குளிப்பாட்டியதும், வலிப்பு வந்தால் மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டதும் யாராம்? பட்டியல் போட்ட மகராசன் அதற்கெல்லாம் ஒரு கட்டம் வைக்கவில்லை.

இந்தப் பெரிய இல்லத்தை மூடி, ஆறு ஆறு பேராகச் சின்ன வீடுகளில் குடிவைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. சின்ன வீட்டில் துப்புரவுப் பணியாளுக்கு இடமில்லை. நல்லவேளை, கூடவே ஒரு பயிற்சியும் வந்தது. ஐரோப்பியப் பணமும் நகராட்சிப் பணமும் சேர்ந்து நடத்துகிற ஆறு மாத வகுப்பு. வருகிற நாளுக்குப் படி உண்டு. தேறினால் ஆதரவுப் பணியாளர் என்று சான்றிதழ், கூடுதல் சம்பளம், மூன்று வருடம் போனால் வீட்டுப் பொறுப்பாளர் பதவி. எட்டாவதோடு படிப்பை மூட்டைகட்டிய வசில்கா, வெட்கத்தைத் துடைத்துப்போட்டுவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பதவி ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் படித்தது நெவேனாவுக்காக. நெவேனா நாற்பத்து மூன்று வயதுக்காரி. பேசமாட்டாள், நடக்கமாட்டாள், வசில்கா கையைத் தவிர வேறு கையால் ஒரு வாய் வாங்கமாட்டாள். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்து வசில்கா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் நெவேனா எலும்பும் தோலுமாகிவிட்டாள். வசில்கா தேறினால் இருவரும் ஒரே வீட்டுக்குப் போகலாம். தவறினால் நெவேனா மட்டும் தனியாகப் போகவேண்டும். அப்படிப் போனால் அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று வசில்காவுக்குத் தெரியும்.

மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு முடியும்வரை அந்த மூன்றுமாடிக் கட்டடத்தில் இவர்கள் இருவர்தான். மெத்தை உருட்டிவைத்த கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. பட்டப்பகலில், ஆளில்லாத பதினான்காம் அறையிலிருந்து அழைப்புமணி அடிக்கும். வயரில் ஈரம் என்றான் எலெக்ட்ரீஷியன். இருக்கலாம். ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் நெவேனா அந்தப் பக்கம் திரும்பி, தெரிந்தவர்களைப் பார்த்ததுபோலச் சிரிப்பாள்.

தேர்வுக்கு ஒரு புத்தகம் கொடுக்கவேண்டும். தான் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் வாழ்க்கையைப் படமும் எழுத்துமாகச் சொல்கிற புத்தகம். முதல் பக்கம், இல்லத்துக்கு வருமுன் அவர் யார் என்பது. நெவேனாவின் கோப்பில் இருந்தது பெயர், பிறந்த தேதி, ‘மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்டது’ என்ற ஒரு வரி. கொண்டுவரப்பட்டதாம், மேஜை நாற்காலி மாதிரி!

“முதல் பக்கம் காலியா இருந்தா கமிட்டி மார்க் போடாது வசில்கா அக்கா. நான் என்ன பண்ணட்டும்?” என்று கையைப் பிசைந்தாள், தலைநகர் சோஃபியாவிலிருந்து பாடம் நடத்த வந்த அனெலியா. “ஊர்ல யாருக்காவது ஒரு வரி தெரிஞ்சாலும் போதும்.”

வசில்கா நெவேனாவின் படத்தை எடுத்துக்கொண்டு கிரீலின் அச்சுக்கடைக்கு ஓடினாள். பெயர், பிறந்த தேதி, ‘இவரை அறிந்தவர்கள் இல்லத்துக்கு வரவும்’. ஊர் முழுக்க ஒட்டவேண்டும். ஒட்டுவதும் கிரீலின் வேலைதான்.

“நாளைக் காலையில கம்பத்துல இருக்கும், நீ போய் வேலையைப் பாரு” என்றான்.

அங்கேதான் வந்தது வினை. அந்த ஊரில் ஒரு மனிதரின் படம் கம்பத்தில் ஏறுகிறது என்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். செத்த அன்றைக்கு, நாற்பதாம் நாளுக்கு, ஆறாம் மாதத்துக்கு, பிறகு வருடா வருடம் என்று கம்பம், மரம், கடைக்கதவு எல்லாவற்றிலும் இறந்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிரீல் முப்பது வருடமாக அடித்தது அந்த அச்சுதான். அவன் கை தானாக மேலே சிலுவையை வைத்தது, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டது.

மறுநாள் காலையில் தன்யூப் ஆற்றுப் பனி ஊரை மூடியிருந்தது. இல்லத்தின் வாசல்கதவில் நெவேனா கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தாள். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு வெற்றிடம். நிமிர்ந்தால் மாடி ஜன்னலில் அதே முகம், உயிரோடு, கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

“அடப் பாவி கிரீல், நீ நாசமாப் போக!”

அதற்குள் இரண்டு பெண்கள் இறந்தவர்களுக்குப் படைக்கிற வேகவைத்த கோதுமையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கு வைக்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. வசில்கா தெருத்தெருவாக ஓடிக் கிழித்தாள். பசை கெட்டி. வாயும் கன்னமும் கையோடு வந்தன, கண்கள் மட்டும் கம்பத்திலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்து தயிர் ஊட்டினால் நெவேனா வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. உயிரோடிருக்கிறவளுக்குக் கர்மம் செய்துவிட்டோமே, இனி இவள் சாப்பிடவே மாட்டாளோ என்று வசில்காவுக்குத் தோன்றிவிட்டது.

மத்தியானம், வாசல்கதவில் மிச்சமிருந்த தாளைச் சுரண்டப் போனாள். கறுப்பு முக்காடு போட்ட ஒரு வயதான பெண், படத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“யாரு இதை ஒட்டினது?”

“நான்தாம்மா. அச்சுக்காரன் தப்பாப் போட்டுட்டான், மன்னிச்சுக்கோங்க…”

“எம் பேரு தோப்ரா. இது என் பிள்ளை பேரு, அவ பொறந்த தேதி. அவ செத்து நாப்பத்து மூணு வருஷமாச்சு. எங்க ஊர்க் கம்பத்துல வருஷா வருஷம் நான்தான் ஒட்டறேன். மூணு நாள் பிள்ளைக்கு ஏது படம்? படமில்லாமத்தான் ஒட்டறேன். இன்னிக்குச் சந்தைக்கு வந்தேன், பஸ் ஸ்டாப்புல அவ பேரு. பேருக்கு மேல நான் கண்ணாடியில பாக்கற மூஞ்சி. என்ன விளையாட்டுடி இது?”

வசில்கா அவளை மாடிக்குக் கூட்டிப்போனாள். ஒருத்தரைத் தேடினாள், ஒருத்தர் கிடைத்துவிட்டார். அப்புறம் ஏன் இந்தப் பயம்? பெற்றவள் வந்துவிட்டாளே, இவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே, அதனால்தான்.

தோப்ரா அறைவாசலைத் தாண்டவில்லை. கதவுச்சட்டத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“இது… மூச்சு விடுதா?”

“விடறா.”

“தொட்டா சில்லுன்னு இருக்காதே?”

“வெதுவெதுன்னு இருக்கும்மா. தொட்டுப் பாருங்க.”

தோப்ரா ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பிறகு முழுக் கையையும் வைத்தாள். நெவேனா அசையாமல் அவளைப் பார்த்தாள்.

“என்னைப் பாத்து இவ பயப்படலை. எனக்குத்தான் இவளைப் பாத்தா பயமா இருக்கு.” கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?”

பொய் சொல்லிவிடலாமா என்று வசில்கா ஒரு கணம் நினைத்தாள். “போகலாம். நீங்க அம்மா” என்று தயிர்க்கிண்ணத்தை நீட்டினாள்.

தோப்ரா ஊட்டிப் பார்த்தாள். உதடு திறக்கவில்லை. கரண்டியை வசில்காவிடம் கொடுத்தாள். வசில்கா நீட்டினாள். நெவேனா வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை வசில்கா ஊட்டினாள்.

“இல்லத்தை மூடறாங்கன்னு சந்தையில சொன்னாங்க. நீ போற வீட்டுக்கே இவ வரட்டும்” என்றாள் தோப்ரா. “நான் அங்க வந்து பாத்துக்கறேன்.”

“நான் தேறினாத்தான்மா விடுவாங்க. இவ யாருன்னு எழுதற இந்த முதல் பக்கம் காலியா இருக்கு” என்று தேர்வுப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

தோப்ரா புத்தகத்தைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து முக்காட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எழுதிக்கோ. ஆஸ்பத்திரியில மூணாம் நாள், பிள்ளை செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. காட்டலை, அவங்களே புதைச்சுட்டதாச் சொன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலம் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதுச்சு. எனக்குப் பால் சுரந்துச்சு. என் பிள்ளைதான் அழுதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். அது வேற பிள்ளை, பேசாம படுன்னா. நானும் படுத்துட்டேன்.”