சமைத்தவர் பங்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறந்தபடி கிடக்க, நான் மட்டும் பேசுகிற உத்தியோகம். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், எனக்கு வைத்த பெயர் பட்டாசு.

அத்தான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். பட்டம் வாங்கிய பிள்ளைகள், கல்யாண ஜோடிகள், செத்துப்போன செல்ல நாய்கள் என்று யார் யாரையோ கண்ணாடிக்குப் பின்னால் கோணாமல் உட்கார வைப்பார். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கோடு போடாமல் எதையும் வெட்ட மாட்டார். பசை டப்பாவில்கூட, எதுவரை மிச்சம் இருக்கிறது என்று வெளியே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவைக்கிற ஆள். இத்தனை ஒழுங்கான மனிதர் குடிக்கும்போது மட்டும் கோடு போட மறந்துவிடுவார்.

வருடக் கடைசி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுத் தொடையை ஓவனில் வாட்டுவோம். அதற்குச் சிவப்பு ஒயினில் கிரேவி வைப்பது அத்தானின் வேலை. குடும்பத்தில் அதற்கு ஒரு சட்டமும் உண்டு. கிரேவிக்கு ஊற்றியது போகப் புட்டியில் மிஞ்சுவது சமைத்தவர் பங்கு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. யாராக இருந்தாலும் அவர்களைக் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

போன வருடம் அந்தப் பங்கைக் குடித்தவர், அதோடு நிற்கவில்லை. கிரேவி அடிப்பிடித்துக் கரியாக, அவர் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயது மகள் கையில் தட்டோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுமாதம் அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இன்னொரு தடவை இப்படின்னா நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்." அன்றோடு நிறுத்தினார். பதினொரு மாதம் ஆகிறது.

இந்த வருடம் கிரேவியே வேண்டாம் என்று அக்கா சொன்னாள். அவர் கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை சரியா செஞ்சு குடுத்துடறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

அக்கா நர்ஸ். விடுமுறை அன்றும் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்குத்தான் வருவாள். முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கூடவே இருடி. கண்ணை எடுக்காத."

கண்ணை எடுக்காமல் இருப்பதா? நான் அதைவிடக் கெட்டிக்காரி அல்லவா! அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் ஒயினைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, புட்டியில் திராட்சைச் சாற்றை நிரப்பித் திருகு மூடியைப் போட்டு வைத்தேன். மனதுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினொரு மணி. வெளியே மூடுபனி. எதிர் வீடுகள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியாத வெளிச்சம். ஓவனுக்குள் இறைச்சி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அத்தான் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

என்னைப் பார்த்தார். ஓவனை அணைத்துவிட்டு, குளிர்கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"கடைக்கு. கிரேவிக்கு ஒண்ணு குறையுது."

கதவு சாத்திக்கொண்டது. அடிப்பாவி, சும்மா இருந்த மனிதரை நீயே கடைக்கு அனுப்பிவிட்டாயே! கடை ஐந்து நிமிட நடை. கால் மணி ஆனது, அரை மணி ஆனது. ஜன்னலில் முகத்தை ஒட்டி நின்றேன். பனிக்குள் யாரோ வருவார்கள், பக்கத்தில் வந்ததும் வேறு யாரோ ஆகிவிடுவார்கள். வீடு முழுக்க வாட்டிய இறைச்சியும் திராட்சையும் கலந்த இனிப்பான மணம். நின்றபடியே கண் சொருகியது. அக்கா பெட்டியோடு படி இறங்கிப் போவதுபோலவும், நான் பின்னால் ஓடியும் கால் நகராததுபோலவும் ஒரு தோற்றம். உள்ளறையிலிருந்து மகள் வந்து, "சித்தி, அப்பா எங்க?" என்றதும் திடுக்கிட்டு விழித்தேன்.

"வந்துடுவாருடா. நீ போய்த் தட்டெல்லாம் எடுத்து வை."

பொய் சொல்லும்போது என் குரல் ரொம்ப இனிமையாக இருக்கும்.

ஐம்பது நிமிடம் கழித்து வந்தார். தலைமுடியெல்லாம் பனி ஈரம், கையில் காகிதப் பை. நான் வாசலிலேயே மறித்தேன்.

"வாயைத் திறங்க."

"ஏய், இது என்ன உன் கிளினிக்கா?"

"திறங்கங்கறேன்!"

திறந்தார். தேநீர் வாசம், வேறொன்றும் இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடை வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பிட்டேன்," என்றார். "மூணாவது தடவைதான் உள்ள போனேன். நீ ஏமாத்துனதுல எனக்குக் கோபம்தான், பட்டாசு. ஆனா மூடியைத் திறந்து அது சாறுன்னு தெரிஞ்சப்ப முதல்ல வந்தது கோபம் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு புட்டிக்கு இன்னும் இவ்வளவு நடுங்கறேனேன்னுதான் பயந்துட்டேன், வாங்கிட்டும் வந்தேன். இந்தா, நீயே திற. நீயே அளந்து ஊத்து."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பையை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

ஓவனை மறுபடி போட்டுவிட்டு, தட்டில் வடிந்திருந்த கொழுப்பை வாணலியில் விட்டு வெங்காயத்தைச் சிவக்க வதக்கினார். ஒரு கரண்டி மாவு தூவிக் கிளறினார். ஒரு கோப்பை ஒயினை நான் ஊற்றினேன். சுர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஆவி. அடுக்களையே மறைந்துபோனது. அந்த வெண்புகைக்குள் அத்தான் முகம் தெரியவில்லை, கரண்டி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. மூச்சிழுத்தாலே தலை லேசாகியது. மகள் வந்து ஆவி படிந்த ஜன்னலில் விரலால் ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் எங்கள் நான்கு பேரையும் குச்சி மனிதர்களாக நிறுத்தினாள்.

"பச்சை வாசம் போகணும்," என்றார் ஆவிக்குள்ளிருந்து. "அவசரப்பட்டா நாக்குல கடிக்கும்."

எலும்பு வேகவைத்து எடுத்துவைத்திருந்த தண்ணீரைச் சேர்த்துச் சிறு தீயில் விட்டார். கிரேவி ஆற அமரக் கொதித்தது. அப்படியே இன்னும் ஒரு வருடம் கொதித்திருந்தாலும் நான் நின்றிருப்பேன். கடைசியில் கரண்டியின் முதுகில் அது நழுவாமல் ஒட்டி நின்றதும் அடுப்பை அணைத்தார்.

புட்டியில் பாதிக்கு மேல் மிச்சம். அதை மூடி ஜன்னல் திட்டில் வைத்தார். நான் அவர் பார்க்காதபோது முன்பக்க லேபிளில், ஒயின் நிற்கும் உயரத்துக்கு நேராக நகத்தால் கீறிவைத்தேன். பட்ட பிறகும் புத்தி வராத ஜென்மம் நான்.

அக்கா வந்ததும் முதலில் பார்த்தது அந்தப் புட்டியை. முகம் சுண்டிப்போனது. சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டோம். மகள் கிரேவியை மூன்று முறை வாங்கிக்கொண்டாள். அத்தான் நான்கு முறை எழுந்து அடுக்களைக்குப் போனார். ஒருமுறை உப்புக்கு, ஒருமுறை தண்ணீருக்கு, மற்ற இரண்டுக்கும் காரணம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள். கண் அவளுக்கு நிறைந்திருந்தது, எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பாத்திரம் கழுவப் போனபோது புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். என் நகக்கீறல் இருந்த இடத்திலேயே ஒயினும் இருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பாடா என்று புட்டியைத் திருப்பினேன்.

பின்பக்க லேபிளில் அதே உயரத்தில் பென்சிலால் நேரான ஒரு கோடு. அதன் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்ன எண்கள். 2.20. 2.35. 2.50. 3.10. மேசையிலிருந்து எழுந்து போன நான்கு முறையும் அவர் இங்கே வந்து தன்னைத்தானே அளந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

திரும்பினேன். பின்னால் அத்தான் தட்டுகளோடு வந்து நின்றிருந்தார்.

"இது உங்க பங்கு, அத்தான்," என்றேன்.

"தெரியும்." தட்டுகளைத் தொட்டியில் வைத்தார். "நீயே கொட்டிடு. நான் கையில எடுத்தா கொட்ட மாட்டேன்."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் வரைந்த நான்கு பேரும் அங்கே பாதி வழிந்துபோயிருந்தார்கள். முந்தின நாள் ஒரு புட்டி முழுவதையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழ்த்த எனக்கு, அன்று அந்தப் பாதிப் புட்டியைச் சாய்க்க வெகுநேரம் பிடித்தது. கடைசிச் சொட்டு போகும்வரை குழாயைத் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகுதான் அவர் திரும்பினார்.