விரலை எந்த வளைவில் நிறுத்துவது

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். ஃபிட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்பை வைஸில் கவ்வக் கொடுத்து, அரத்தால் ராவி ராவிச் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த தொழில்.

ஒரு நாள் கனமான இரும்பு வார்ப்பு ஒன்று மேசையிலிருந்து நழுவியது. பிடிக்கப் போனேன். வலது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டு அதற்கும் மேசை விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. புண் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. மூட்டு மடங்கும்போதெல்லாம் உள்ளே கண்ணாடித் தூளை அரைப்பது போலிருக்கும். அரத்தைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பட்டணத்தில் காட்டிய டாக்டர் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துடலாம். மிச்சம் நாலு இருக்கே," என்றார், ஏதோ கூடையில் கத்தரிக்காய் இருப்பது மாதிரி.

போர்மேன் நல்ல மனிதர்தான். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "வெரலு சரியாவலன்னா பேக்கிங்குக்குப் போய்டு நைனா. பெஞ்ச காலியா வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டார். பேக்கிங் என்றால் மரப்பெட்டிக்கு ஆணி அடிப்பது. பெஞ்சை, அதாவது வைஸ் மாட்டிய அந்த வேலை மேசையை விட்டால் எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது.

பூந்தமல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் என் மனைவி. "எங்க மாமன் கால அங்கதான் ஒட்ட வெச்சாங்கோ. அந்த டாக்டரம்மா மூஞ்சப் பாத்துப் பேசும்யா, வா." சுற்றுவட்டார ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிய ஓட்டுக் கட்டடம் அது. வராந்தாவில் இரண்டு பெஞ்சு, உள்ளே வரிசையாக இரும்புக் கட்டில்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், தெற்கத்திப் பேச்சு. என் விரலை எடுத்து மெதுவாக அழுத்தினார். அழுத்தியது விரலை, பார்த்தது என் முகத்தை. நான் பல்லைக் கடித்ததும் விட்டுவிட்டார்.

"தம்பி, இந்த விரல் என்ன வேலை பாக்குது?"

அதுவரை 'நீ என்ன வேலை செய்யறே' என்று கேட்டவர்கள் உண்டு. விரலின் வேலையைக் கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். ராவுகிற வேலை என்றேன். மறுநாள் அரத்தோடு வரச் சொன்னார்.

கொண்டுபோனேன். அதை வாங்கி, என்னைப் போலவே பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த மூட்டு நொறுங்கிருச்சு தம்பி. மடங்குறவரைக்கும் வலிக்கத்தான் செய்யும். உள்ள ஒரு கம்பி வச்சு எலும்போட எலும்பை ஒட்ட வச்சிட்டா வலி போயிரும். ஆனா அப்புறம் மடங்காது. நான் எந்த வளைவுல ஒட்டுறேனோ, ஆயுசுக்கும் அப்படியேதான் நிக்கும். எந்த வளைவுன்னு நீங்கதான் சொல்லணும்."

சட்டைக்கு அளவு கேட்கிற டெய்லரைத் தெரியும். விரலுக்கு அளவு கேட்கிற டாக்டரை எங்கே கண்டேன்?

சேதி வராந்தாவுக்குப் போய்விட்டது. அங்கே சென்னீர்குப்பத்து லோடுமேன் ஒருவர், காலில் மாவுக்கட்டோடு, பெஞ்சையே வீடு மாதிரி ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பீடி புடிக்கிறாப்பல வெச்சிக்க அண்ணாத்தே. நல்லதுக்கும் ஆவும், கெட்டதுக்கும் ஆவும்," என்றார்.

என் மனைவி விடவில்லை. "ஏன், கிளாஸ் புடிக்கிறாப்பல வெச்சிக்கட்டுமே, இன்னும் நல்லா ஆவும்! டாக்டரம்மா, சோறு பெசையணும், அத்த மொதல்ல பாருங்கோ."

என் மனசில் இருந்தது வேறு. நேராக இருந்தால் போதும். வளைந்த விரலோடு எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும் கை ஊனம் என்று சொல்லிவிடுவார்களே. நேராக வைத்துவிடுங்கள் என்றேன். டாக்டரம்மா மறுத்துப் பேசவில்லை. தகரப் பட்டை ஒன்றில் பஞ்சைச் சுற்றி, விரலை அதன் மேல் நேராக வைத்துக் கட்டினார். "இப்படியே கொஞ்ச நாள் வாழ்ந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வாழ்ந்து பார்த்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் விரல் யாரையாவது காட்டிக்கொண்டிருக்கும். "இன்னா மாமே, அப்போலேருந்து என்னயே காட்டிகினு கீறே, எதுனா பாக்கி கீதா?" என்று ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். கரையான்சாவடிக் கடையில் வெங்காயம் கேட்டு நின்றேன். கடைக்காரர் விரல் போன திசையைப் பார்த்துத் தொங்கிய வாழைத்தாரை இறக்கிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் நாலு விரல் சோற்றைப் பிசையும், இது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "எதுக்குய்யா சோத்தப் போயி மெரட்டுறே?" என்றாள் மனைவி.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தகரத்தை நன்றாக வளைத்துக் கட்டினார். இப்போது அரம் கைக்குள் ஜம்மென்று உட்கார்ந்தது, ஆனால் சட்டைப் பைக்குள் போன விரல் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. பித்தானும் போட முடியவில்லை. மறுபடி போனேன். ஒரு தடவைகூட 'இன்னுமா முடிவு பண்ணல?' என்று அந்த அம்மா கேட்டதில்லை. வெளியே அத்தனை கூட்டம் காத்திருக்க, எனக்காகத் தகரத்தை வளைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

மூன்றாவது வளைவைக் கட்டிவிட்டு, "இங்கேயே ராவிக் காட்டுங்க," என்றார். வார்டில் ஒரு கட்டில் காலில் பிசிறு இருந்தது. நர்ஸ்களின் புடவையெல்லாம் அதில் மாட்டிக் கிழியுமாம். குந்தி உட்கார்ந்து ராவினேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து லோடுமேன் குரல் கொடுத்தார்: "டாக்டரம்மா, இவன் வெரலு தேர்றதுக்குள்ள கட்டில அறுத்து எட்த்துகினு பூடுவான்!"

"இன்னும் கொஞ்சம் மடக்கட்டுமா தம்பி?"

"ஒரு நூலு போதும்மா."

ஒரு நூல் என்றால் எங்கள் பட்டறைப் பேச்சில் அரைக்கால் அங்குலம். விரலின் நுனி அந்த அளவுக்கு உள்ளே வரும்படி தகரத்தை வளைத்தார். சோறு பிசைந்தேன், பித்தான் போட்டேன், பைக்குள் கை விட்டேன். எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது.

ஆபரேஷன் காலையில். கையை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்துத் தட்டில் கத்தி, கத்தரிக்கோல், சாமணம். அவற்றின் நடுவே, ஆவி பறக்க, டாக்டரம்மா கழற்றித் தரச் சொல்லி வாங்கியிருந்த என் அரத்தின் மரப்பிடி. வியர்வையில் கறுத்துப்போன என் பிடி, அத்தனை பளபளப்புக்கு நடுவே சமமாகப் படுத்திருந்தது. நர்சம்மா, "உங்க பிடியை அவ்வளவு நேரம் கொதிக்க வச்சேன். கறியா இருந்தா கரைஞ்சிருக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூட்டைத் திறந்து சுத்தம் பண்ணியதும், கம்பியைச் செலுத்துவதற்கு முன்னால், டாக்டரம்மா அந்தப் பிடியை என் உள்ளங்கையில் வைத்து, உணர்வில்லாத விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினார். தலையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். "இதுதானா?"

வைஸில் வைத்து நான் அளவு பார்த்த இரும்புக்குக் கணக்கில்லை. அன்றைக்கு என்னையே வைத்து ஒருவர் அளவு பார்த்தார், அதுவும் என்னைக் கேட்டு.

"ஒரு மயிரிழை உள்ள வரணும்மா," என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று பயம் வந்தது. அவரோ விரலை இம்மி உள்ளே மடக்கி, "இப்ப?" என்றார்.

"இப்ப சரிம்மா."

அதன் பிறகே கம்பி உள்ளே போனது.

கட்டுப் பிரித்து, எலும்பு நன்றாகக் கூடிய பிறகு பட்டறைக்குப் போனேன். போர்மேன் ஒரு இரும்புத் துண்டை வைஸில் வைத்து முடுக்கினார். அரத்தை எடுத்தேன். முதல் இழுப்புக்கு முன்னாலேயே வலிக்காக உடம்பு விறைத்துக்கொண்டு காத்திருந்தது. இழுத்தேன். வலி வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். அப்புறம் நிறுத்த மனமில்லை.

ராவி முடித்ததும் போர்மேன் துண்டைக் கழற்றி, அதன் மேல் ஸ்கேலை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சமம். துண்டை மேசை மேல் வைத்துவிட்டு, என் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேக்கிங்குக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்," என்றார்.