மாதா பலகை

பவானியைப் பிடிவாதக்காரி என்றால் பிடிவாதத்துக்கே கேவலம். கடமலைக்குண்டில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்றைக்கே பிரஷ் டப்பாவோடு பஸ் ஏறியவள். அதற்குப் பிறகு அவளும் போகவில்லை, வீட்டிலும் தேடவில்லை.

சின்னமனூரில் என் வெல்டிங் பட்டறைக்கு எதிரே ஒரு பாழடைந்த பஞ்சு குடோன். அதில் படம் வரைகிற பவானியும், களிமண் சிலை செய்கிற எட்வினும், நாடகத்துக்குத் திரை எழுதுகிற திலீபனும் சேர்ந்து குடியேறினார்கள். கீழே வேலை, மேலே வீடு. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. ஊர் வாய் சும்மா இருக்குமா? பேசிப் பேசி அலுத்துப்போனது. மேல்தட்டுக்கு இரும்புச் சட்டம் நான் பற்றவைத்தது. அது இன்றுவரை அசையவில்லை. தளத்துக்கு, திருவிழாக்களில் கழற்றிய பழைய படப் பலகைகளை வாங்கிவந்து அவர்களே அடித்தார்கள்.

அதில் கெட்டியானது ஒன்றுதான். ராயப்பன்பட்டித் திருவிழாவுக்குப் பவானி வரைந்த மாதா, ஆளுயரம். ஏணி முடிகிற இடத்தில் அதைக் கவிழ்த்துப் போடலாம் என்றான் எட்வின். மூவரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் அவன்தான்.

"சாமி மேல கால வைக்கவா? ஆகாது," என்றாள் பவானி.

"மாதா ஊரையே சுமக்குறாக. நம்ம காலு என்ன பாரம்?"

"நீ சொல்லுவ. வரைஞ்சவ நானு."

மாதா சுவருக்குப் போனார். ஏணி முகப்பில் ஒரு மெல்லிய பலகை. "இது தாங்காதுத்தா," என்று கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அந்தப் பலகை ஊறியது. ஒரு காலையில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஏறிய எட்வின், பலகை உடைந்து சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தான். முதுகை வளைக்காமல் தூக்க ஏதாவது வேண்டும். பவானி சுவரைப் பார்த்தாள். மாதாவை ஆணியோடு பிடுங்கினாள். அதன்மேல் கிடத்தித்தான் குட்டியானை வண்டியில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. குடோன்காரர் பூட்டிவிட்டார். திலீபன் திருப்பூருக்குப் போனான். எட்வின் ராயப்பன்பட்டியில் அக்கா கிளாரா வீட்டில் கிடக்கிறான். வேறு பலகை வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். கல் முட்டுக் கொடுத்து, சுவரோரம் மாதா பலகையையே கட்டிலாக்கிப் போட்டிருக்கிறார்கள். பவானியும் அங்கேயே தங்கிவிட்டாள். ஊர் இப்போதும் பேசுகிறது. நாக்கு அழுகட்டும்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். எட்வினைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம். எப்போதும் தூக்குகிற கிளாரா வெளியே போயிருந்தாள். தலைமாட்டில் ஏறி நின்று அக்குளில் கை கொடுத்தால்தான் தூக்க முடியும். அங்கே மெத்தை மூடவில்லை. மாதாவின் முகம் அப்படியே தெரிந்தது. பவானி தயங்கி நின்றாள்.

"ஏறு பவானி. மாதா ஒன்னும் சொல்ல மாட்டாக," என்றான் எட்வின்.

இரண்டு காலையும் அந்த முகத்தில் ஊன்றி அவனைத் தூக்கினாள். இரண்டு ஆள் பாரத்துக்கும் பலகை இம்மிகூட வளையவில்லை. 'அன்னைக்கே இதப் போட்டிருந்தா' என்று வாய்வரை வந்த வார்த்தையை, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.