சும்மா நிற்கும் வண்டி

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி இருக்கும். சரியாக எத்தனை மணி என்று எனக்குத் தெரியாது. அக்காவாக இருந்தால் தெரிந்திருக்கும். பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு டூட்டி போடுவது அவள் வேலை. எந்த வண்டியை யார் எடுப்பது, எங்கே யாரிடம் கைமாற்றுவது என்று அவள் எழுதி ஒட்டிய பிறகுதான் அங்கே சக்கரம் உருளும். என்னை அழைத்தவர் அவளோடு வேலை பார்க்கும் ஒரு நடத்துநர். ஜன்னலருகே நின்று பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்றார்.

"ஸ்பேர் வண்டியிலதான் தூக்கிட்டுப் போனோம்மா. ரோடெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே போனோம்." பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். "லேட்டாயிடுச்சு."

அந்த ஸ்பேர் வண்டி அக்காவின் பிடிவாதம். இருக்கிற வண்டிகளில் ஒன்றை, ஓட்டுநரோடு, பணிமனை வாசலில் எந்த வேலையும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பாள். வழியில் எது படுத்துக்கொண்டாலும் அதன் இடத்துக்கு இது போகும். மேலதிகாரிகளுக்கு அந்த வண்டி கண்ணை உறுத்தும். அதையும் ஓட்டச் சொல்லி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். சரி சார் என்பாள். மறுநாளும் வண்டி அங்கேயே நிற்கும்.

அவளைக் கட்டிக்கொண்ட மாமா முடிதிருத்துபவர். சொந்தக் கடை, இரண்டு நாற்காலி, ஓயாமல் பேசும் வாய். யார் எப்போது வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. நேரம் குறித்துக் கொடுத்தால் கடையில் கூட்டம் சேராது என்று அக்கா ஒருமுறை யோசனை சொன்னாள். கூட்டம் இல்லாமல் அப்புறம் நான் யாரோடு பேசுவது என்று கேட்டார். இவர்கள் இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எங்கள் வீட்டில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள்.

தீம் பார்க்குக்கு முதலில் கிளம்பியது மாமாவின் யோசனைப்படி. ஒரு விடுமுறைக் காலையில், வாங்க போகலாம் என்றார். அக்கா, மாமா, அவர்கள் பெண், நான், நாலு பேரும் இரண்டு பேருந்து மாறிப் போய் இறங்கினோம். வாசலில் பூட்டு. பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள். அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நேராகக் காவலாளியிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். காவலாளியின் பிடரி முடி சட்டைக் காலரைத் தாண்டித் தொங்கியது. மாமாவின் பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைக் கட்டி, வெட்ட ஆரம்பித்துவிட்டார். வெட்டி முடித்ததும் அந்த மனிதர் எங்களை உள்ளே விட்டு, தூரத்தில் ஒரு சுவரோரம் உட்காரச் சொன்னார். ஆளே இல்லாத ரோலர் கோஸ்டரைச் சோதனைக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காலி இருக்கைகள் மேலே ஏறும், தலைகீழாகும், சரேலென்று இறங்கும். கொண்டுபோன ரொட்டியைத் தின்றுகொண்டு சாயங்காலம்வரை அதையே பார்த்தோம். அப்போது சின்னவளாக இருந்த அக்காவின் பெண், ஒவ்வொரு இறக்கத்துக்கும் யாருமில்லாத அந்த வண்டிக்காகக் கத்தினாள்.

அவளுக்கு இன்றைக்கும் அதுதான் நல்ல பயணம். அக்காவுக்கு அது மானக்கேடு. "பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் பூட்டைக் காட்டிட்டு வந்த ஆளு," என்று மாமாவை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினாள்.

அடுத்த முறை திட்டம் முழுக்க அவளுடையது. எந்த ராட்டினத்தில் எப்போது கூட்டம் குறையும், வெயில் எந்தப் பக்கம் திரும்பும், கழிப்பறை எங்கே என்று போய்வந்தவர்களிடமெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். அதோடு பணிமனை முறையையும் கொண்டுவந்தாள். நாங்கள் மூன்று பேர் ஒன்றில் ஏறும்போது நான்காவது ஆள் அடுத்த வரிசையில் போய் நிற்க வேண்டும். நாங்கள் வந்து சேர்ந்ததும் அந்த இடத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு அதற்கடுத்த வரிசைக்கு ஓட வேண்டும். ஓட்டுநர்கள் வழியில் வண்டியைக் கைமாற்றுவதுபோல. முறைவைத்து மாறுவதாகத்தான் பேச்சு. மாமா வரிசையில் நின்றால் பேச்சில் லயித்து முன்னால் நகர மறந்துவிடுவார், எனக்குக் கால் வலி என்று, எல்லாருடைய முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கூட்டத்துக்குள் அவள் முதுகு மறைவதையே அன்று அதிகம் பார்த்தேன்.

திட்டம் பிசகவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்திலும் எதற்கும் நாங்கள் காத்திருக்கவில்லை.

கடைசியாகப் படகு. உயரத்திலிருந்து தண்ணீரில் வந்து விழும். பிடித்து வைத்த இடத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு, அக்கா வெளியே திரும்பும் பேருந்துக்கு வரிசை பிடிக்க ஓடிவிட்டாள். படகில் வரிசைக்கு இரண்டு பேராக உட்கார்த்தினார்கள். மாமாவும் நானும் பின்னால் போக, பெண்ணின் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்தார். விழுந்த வேகத்தில் முழுக்க நனைந்து, மூச்சு முட்டச் சிரித்தபடி, "அம்மா பாத்தியா" என்று அவள் பக்கத்தில் திரும்பினாள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அக்காவின் முகம் பூரித்திருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை என்றாள்.

"நீ எதுல வந்தே?" என்று பெண் கேட்டாள்.

அக்கா யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"இனிமே நான் வரலம்மா. நீங்களே ஓடிட்டு வாங்க," என்றாள் பெண்.

திரும்பும் பேருந்தில் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை. வீடு நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார். "ஊருக்கெல்லாம் ஒரு வண்டிய சும்மா நிறுத்தி வைக்கிற. எங்களுக்குச் சும்மா ஒரு மணி நேரம் வைக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வி அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் தொலைபேசியில் எதையோ பேச ஆரம்பித்து இதில்தான் வந்து முடிப்பாள். திட்டம் போட்டதா தப்பு என்பாள். போடாமல் போனால் மறுபடி பூட்டைத்தானே பார்க்க வேண்டும் என்பாள். பெண்ணை மறுபடி வரச் சொல்லி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

போன மாதம் ஒருநாள், காலைப் பரபரப்பில், பெண்ணுக்குத் தலைசீவிக்கொண்டே புதுத் திட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுவது. காலையில் இரண்டே ராட்டினம். மதியத்துக்குமேல் ஒன்றுமே போடவில்லை. "போடவே மாட்டியா?" என்று பெண் கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்றாளாம். படகில் நாலு பேரும் ஒன்றாக ஏறுவதென்றால் வருகிறேன் என்று பெண் ஒரு நிபந்தனை வைத்தாள். அன்றைக்கு அக்கா என்னை அழைத்தபோது அவள் குரலில் இருந்த துள்ளலை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. "வரேன்னுட்டாடி," என்றாள், பெண்ணை யாரோ நிச்சயம் பண்ணிப் போனதுபோல.

திட்டம் போடாமல் அவளால் முழுக்க இருக்க முடியுமா என்ன. கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைக்காமல் இருக்க ஒரே மஞ்சள் நிறத்தில் நாலு தொப்பி வாங்கினாள். படகு விழும்போது காற்றில் பறக்காமலிருக்கத் தாடைக்கடியில் எலாஸ்டிக் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மாமா கடையைத் திறக்கிறார், யாரும் வருவதற்குள் மூடுகிறார், மறுபடி திறக்கிறார். வீட்டில் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நானும் இதை நின்றும் நடந்தும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா எடுத்து வைத்திருக்கும் டிக்கெட்டை என்ன செய்வது என்று யாரும் பேச்செடுக்கவில்லை. இன்று சாயங்காலம் பெண் என்னிடம் வந்து நின்றாள்.

"சித்தி, படகுல அம்மா இடத்துல வேற யாரையாவது உட்கார வைப்பாங்களா?"

சொல்லிக் கேட்டால் காலியாக விடுவார்கள் என்றேன். விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொப்பிகள் தையல் பெட்டியின்மேல் இருக்கின்றன. அவளுடையது, பெண்ணுடையது, என்னுடையது மூன்றும் முடிந்துவிட்டன. மாமாவின் தலை பெரிது. எலாஸ்டிக் போதவில்லை என்று அவரை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அவர் கறுப்பில் வாங்கி வந்துவிட்டார். அவர் தொப்பியில் ஒரு பக்கம்தான் தைத்திருக்கிறது.