ஏழாம் வகை

தென்றலுக்கு அமெரிக்காவில் கிடைத்த பெயர் ஃப்னூ.

யார் வைத்தது என்று கேட்டால் ஒரு ஆளைச் சுட்டிக்காட்ட முடியாது. தாராபுரத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த மயில்சாமி, "குடும்பப் பேருன்னு நமக்கு ஏதுங்க? இனிஷியலைப் போட்டா திருப்பி அனுப்பிருவாங்க. அந்தக் கட்டத்தை அப்படியே வுட்றலாம்" என்று விட்டுவிட்டார். விசா கொடுத்தவர்களுக்கு வெறும் கட்டம் ஒத்துவரவில்லை. இருந்த ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயரின் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயரின் இடத்தில் எஃப், என், யூ என்று மூன்று எழுத்துகளைப் போட்டார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது.

டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில், சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில், பிடித்து நடக்க உதவும் நடைச்சட்டம் இவற்றையெல்லாம் வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள், முன்மேசையில் இருந்த வாண்டா என்ற பெரிய உருவத்துப் பெண்மணி அவளுடைய காகிதங்களைப் புரட்டினாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஃப்னூ?" என்று கேட்டாள்.

தென்றல், "எஸ்" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் பிறகு ஒன்றரை வருடம் சுமந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளையே கேட்டால் அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் வீட்டில் காகிதத்தோடு யாரும் வாதாடியதில்லை. நூல் மில்லில் வேலை பார்க்கும் அப்பா சேனாபதிக்கு, வாக்காளர் அட்டையின்படி அம்மாவைவிட நான்கு வயது குறைவு. திருத்தப் போனால் இருக்கிற அட்டையும் போய்விடும் என்று வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண், விசாவில் ஒன்றிருக்க வாயால் வேறொன்றைச் சொல்லத் துணியவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது.

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது ஒன்றே ஒன்றுதான். நிறுவனத்தின் இணையதளத்துக்குள் ஒவ்வொரு காலையும் நுழையும்போது மேல் மூலையில் எழுத்து வரும்: வெல்கம், தென்றல். எல்லோருக்கும் அவரவர் முதற்பெயரைப் போடும் இடம் அது. அவளுக்கு மட்டும் எப்படிச் சரியான பெயர் வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை. அறைத்தோழியாக இருந்த ஆஸிபா கல்யாணமாகிக் கலிஃபோர்னியாவில் உள்ள டப்ளினுக்குப் போய்விட்ட பிறகு, சில சனிக்கிழமைகளில் வேலையே இல்லாமல் வீட்டிலிருந்து அந்தத் தளத்துக்குள் நுழைந்துவிட்டு வெளியே வருவாள். அதைத் தனக்குத்தானேகூட அவள் ஒப்புக்கொண்டதில்லை.

2008 கோடையில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. தளம் பி.எச்.பி. மொழியின் நான்காம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்பை இனி வைத்திருக்க மாட்டோம், ஐந்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சர்வர் வைத்திருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தில் நிரல் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கிடங்கை ஒட்டிய அறை அவளுடையது. திரும்பி வந்த சக்கர நாற்காலிகளை அடுத்த பக்கம் கழுவித் துடைத்து உருட்டிப் பார்க்கும் கீச்சொலிதான் பேச்சுத்துணை.

பழைய நிரலை எழுதியவன் சுஃபியான் என்று ஒருவன். அவள் வருவதற்கு முன்பே போய்விட்டவன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தன் பெயரை மட்டும் மறக்காமல் போட்டிருந்தான். மற்றதெல்லாம் மறந்திருந்தான். வாசலே இல்லாத வீடுபோல இருந்தது நிரல். உலாவியின் முகவரிக் கட்டத்தில் யார் எதைத் தட்டினாலும் அது நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க ஆளில்லை. பிழை வரக்கூடிய வரிகளுக்கு முன்னால் வாயைப் பொத்துகிற குறி ஒன்றைப் போட்டிருந்தான். பிழை வரும், ஆனால் சத்தம் வராது. பெயருக்குள் மேற்கோள் குறி உள்ள அயர்லாந்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் விவரத்தைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் குறிக்கு முன்னால் சாய்கோடுகள் பெருகும். ஒரு கிழவரின் பெயருக்கு நடுவே வேலியே போட்டிருந்தது.

'யாருடா நீ?' என்று முதல் வாரம் முழுக்கச் சுஃபியானைத் திட்டினாள். இரண்டாம் வாரம், இதையாவது நான் சரியாகச் செய்கிறேனா என்ற சந்தேகம் வந்தது. சரியென்று சொல்லவும் தப்பென்று சொல்லவும் பக்கத்தில் யாருமில்லை. கல்லூரியில் படித்ததை வைத்தும் இணையத்தில் முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்ததை வைத்தும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள். வாய்ப்பொத்திகளை எடுத்தாள். பிழைகள் திரை நிறையக் கொட்டின. ஒவ்வொன்றாக அடைத்தாள். வருகிறவற்றை வாசலில் நிறுத்திக் கேட்டு உள்ளே விட்டாள். சாய்கோடுகளைக் களைந்து கிழவருக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தாள். அவருக்கு அது தெரியவே போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மா சாந்தாமணி கேட்டாள்.

"இப்ப என்ன வேல கண்ணு பாக்கற?"

"பழசையெல்லாம் சுத்தம் பண்ணிட்டு இருக்கறேன்மா."

"ஏஞ்சாமி, கூட்டித் தொடைக்கறதுக்கா அத்தன தூரம் போன? அத இங்கயே பண்ணியிருக்கலாமல்லொ!"

"அந்தச் சுத்தம் இல்லம்மா. வேற ஒருத்தரு எழுதி வெச்சதை."

"முடிச்சாப் பாக்க நல்லா இருக்குமா?"

"முடிச்சாப் பழையபடியேதான் இருக்கும். ஒண்ணும் மாறின மாதிரியே தெரியக் கூடாது."

அம்மா, "சாப்ட்டயா?" என்று கேட்டாள்.

வாண்டாவும் ஒருநாள் அந்த வேலையைப் பற்றிக் கேட்டாள். அவள் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஃப்னூ, மூன்று மாதமாக அந்த அறையில் என்னதான் செய்கிறாய்? எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லையே!" அதுதான் தனக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு என்று தென்றலுக்குத் தெரியும். அதை வாண்டாவுக்கு விளக்கத்தான் தெரியவில்லை. சிரித்து வைத்தாள்.

கடைசியில் மிஞ்சியது ஓர் ஏழு. பெயர் அச்சாகிற எல்லா இடத்திலும் சுஃபியான் ஒரே வரியை ஒட்டி வைத்திருந்தான். ஆளின் வகை ஏழு என்றால் முதற்பெயரை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரைப் போடு. ஏழு என்றால் என்ன என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கமில்லை. வகைகளின் பட்டியலைப் பார்த்தாள். ஊழியர், ஓட்டுநர், வாடிக்கையாளர் என்று ஆறோடு முடிந்தது. ஏழு இல்லவே இல்லை. பொருள் சொல்லாமல் எண்ணைப் போடுவது கெட்ட பழக்கம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஏதோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்திருப்பான் என்று முடிவு கட்டி, எல்லா இடத்திலிருந்தும் அந்த வரியைப் பிடுங்கினாள். வார இறுதியில் தளத்தை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றினாள். எல்லாம் ஓடியது. எதுவும் மாறவில்லை. தனக்குத்தானே ஒரு பீட்ஸா வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தாள். மேல் மூலையில் இருந்தது: வெல்கம், எஃப்.என்.யூ.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருந்த ஒன்றும் போனது. அதுவும் அவள் கையாலேயே.

மதியத்துக்குள் இன்னொன்றும் வந்தது. மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ராமசுப்ரமணியன் என்ற பெரியவருக்கு நடைச்சட்டம் கொண்டுபோன ஓட்டுநர், அதைத் திருப்பி எடுத்துவந்துவிட்டான். பெரியவரும் விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்; ஓட்டுநரின் தாளில் முதற்பெயர் மட்டும்தான் இருக்கும். கதவைத் தட்டி "ஃப்னூ" என்றிருக்கிறான். அப்படி இங்கே யாருமில்லை என்று பெரியவர் கதவைச் சாத்தியிருக்கிறார்.

தென்றல் முன்மேசைக்கு ஓடினாள்.

"வாண்டா, ஆட்களைச் சேர்க்கும்போது யாருக்காவது ஏழு என்று போடுவீர்களா?"

"போடுவேனே. காகிதத்தில் எஃப்.என்.யூ. என்று வந்தால் ஏழு. உனக்கும் ஏழுதான்."

"ஏன் ஏழு?"

"எனக்கென்ன தெரியும்? அவன் போடச் சொன்னான், போடுகிறேன். உனக்கு முன்னால் இருந்த ஃப்னூ."

"யார்?"

"உன் அறையில் இருந்தானே, அந்தப் பையன். அவனும் ஃப்னூதான். உங்கள் ஊரில் அது ரொம்பப் பிரபலமான பெயர் போலிருக்கிறது!" வாண்டா அதை அன்பாகத்தான் சொன்னாள். அவனுடைய தொலைபேசி எண்ணையும் தேடிக் கொடுத்தாள். இப்போது சான் ஹோசேயில் இருக்கிறானாம்.

தென்றல் கிடங்கின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஹலோ, சுஃபியான் சாருங்களா? நான் ஆலன்ல இருந்து பேசறனுங்க. உங்க பழைய கம்பெனி. இப்ப உங்க கோடிங்கை நாந்தான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "யா அல்லா! அது இன்னுமா ஓடுது? சாரிம்மா. ரியலி சாரி. அப்போ காலேஜ் முடிச்ச புதுசு, ஒண்ணுமே தெரியாது. ஆன்லைன்ல காப்பி பண்ணி காப்பி பண்ணி எழுதினது. பேர் தெரியாமத் திட்டியிருப்பீங்களே?"

"பேரு தெரிஞ்சேதாங்க திட்டுனேன். எல்லா ஃபைல்லயும் மேல போட்டிருந்தீங்கல்லொ."

அவன் சத்தமாகச் சிரித்தான். பின்னால் ஒரு குழந்தை ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. "ஒன் மினிட் ரிதா, அத்தா போன்ல இருக்கேன்ல" என்று மகளிடம் சொன்னான்.

"அந்த ஏழு என்னங்க?"

சிரிப்பு நின்றது. "அதைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"டெலீட் பண்ணிப்போட்டேன். அப்பறந்தான் தெரிஞ்சுது. நானும் ஏழுதானுங்க."



"எனக்கும் சிங்கிள் நேம்தாம்மா" என்றான் சுஃபியான். "ஃபர்ஸ்ட் டே வாண்டா ஃப்னூவான்னு கேட்டாங்க. பேப்பர்ல இருக்கறதாச்சே, எதுக்கு வம்புன்னு யெஸ்னுட்டேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு மூணு வருஷம். நல்ல மனுஷி, ஆனா எப்படிச் சொல்றதுன்னே தெரியல. லாகின் பண்றப்பவாவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும்னு அந்த லைனை எழுதினேன். அப்புறம்தான் கஸ்டமர்ஸ்ல நம்ம ஆளுங்க வந்தாங்க. வாண்டாகிட்ட ஏழு போடுங்கன்னு மட்டும் சொல்லி வெச்சேன்."

"ஏன்னு அவங்க கேக்கலையா?"

"கேட்டாங்க. சிஸ்டம் அப்படித்தான்னு சொல்லிட்டேன்." அவன் நிறுத்தினான். "ஃபேர்வெல் அன்னிக்கு அவங்களே வீட்ல கேக் பண்ணி எடுத்துட்டு வந்தாங்கம்மா. மேல க்ரீம்ல பெரிசா, வி வில் மிஸ் யூ ஃப்னூ. நான்தான் கட் பண்ணினேன். ஃப்னூவை இவங்க மிஸ் பண்ணுவாங்க, என்னை மிஸ் பண்றது யாருன்னு நினைச்சுக்கிட்டே சாப்பிட்டேன்."

தென்றலுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்த லைனைத் திருப்பிப் போட்டுடுங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

ரெண்டு நிமிஷ வேலைதான். அறைக்குத் திரும்பி, பழைய பிரதியைத் திறந்து அந்த வரியை எடுத்தாள். திரும்பவும் ஒட்டினால் நாளைக் காலையில் வெல்கம், தென்றல் என்று வந்துவிடும். ஆனால் அது யார் குரல் என்று இப்போது தெரிந்துவிட்டதே! பேச வேண்டிய ஓர் ஆள் பேசாமல், அதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டுப் போன வரி. இனி அவள் ஒட்டினால் அவளே அவளைக் கூப்பிட்டுக்கொண்டதாகத்தான் ஆகும்.

அந்த வரியை ஒட்டவில்லை. ஆட்களைச் சேர்க்கும் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வைத்தாள்: உங்களை எப்படி அழைக்க வேண்டும்? ஓட்டுநர் தாளும் வரவேற்பும் இனி அதிலிருந்துதான் எடுக்கும். முதல் ஆளாக ராமசுப்ரமணியனின் மகனுக்குப் போன் செய்து கேட்டு நிரப்பினாள். தன்னுடையதை வெறுமையாக விட்டுவிட்டு முன்மேசைக்குப் போனாள்.  

"வாண்டா. ஃப்னூ என் பெயர் இல்லை."

வாண்டா கண்ணாடியைக் கழற்றினாள். தென்றல் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றெழுத்தின் பொருள், வெறும் கட்டம், ஏழு, எல்லாம். சொல்லச் சொல்ல வாண்டாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது.

"அப்படியானால் அவன்?"

"சுஃபியான்."

"நான் கேக்கில் எழுதினேனே" என்றாள் வாண்டா. "நான்தான், என் கையால்." பிறகு கோபம் வந்தது. "ஒன்றரை வருடம்! ஒருநாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கி வைத்திருக்கிறீர்கள் இரண்டு பேரும்!" எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பிறகு பல நாட்களுக்கு வாண்டா அவளை எந்தப் பெயராலும் அழைக்கவில்லை. ஃப்னூ போனது, அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. எதிரே வந்தால் "ஹாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பார்ப்பாள். காலையில் தளத்துக்குள் நுழைந்தால், வெல்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மட்டும் தனியாக நிற்கும். தப்பாவது இருந்ததே, அதையும் கெடுத்துக்கொண்டோமோ என்று தென்றல் நினைத்தாள். கட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? நிரப்பவில்லை.

ஆனால் அறைக்கதவு திறந்திருந்தால் வாண்டாவின் குரல் கேட்கும். புது வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் கேட்பாள்: "உங்களை நாங்கள் எப்படி அழைக்க வேண்டும்?" ஒருமுறைகூட அதை விட்டதில்லை. பதில் விளங்காவிட்டால் மறுபடி கேட்பாள்.

நவம்பரில் ஒரு பிற்பகல், அப்படி ஓர் அழைப்பை முடித்துவிட்டு வாண்டா அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கண்ணாடி.

"உன்னுடைய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது" என்றாள். "எழுத எனக்குத் தெரியும், காகிதத்தில் இருக்கிறது. சொல்லத்தான் வரவில்லை. காரில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. நீ ஒருமுறை சொல்லேன். மெதுவாக."

தென்றல் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுத்த பக்கம் ஒரு சக்கர நாற்காலி கீச்சிட்டுக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து, தன் பெயரைச் சொன்னாள்.