பாதிச் செய்தியும் மிளகு ஏணியும்

கொரோனா வந்த அடுத்த வருஷம், தை மாதம். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் நான் டீக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது என் கடைக்குப் பின்னால், பலாமரத்தடியில் மட்டும்தான். அதனால் ஊருக்கே செய்தி வாசிப்பது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அது எங்களுக்கு மிளகு பறிக்கும் காலம். கூலிக்கு ஆள் வைக்க மாட்டோம். இன்று உங்கள் தோட்டத்தில் எல்லோரும், நாளை என் தோட்டத்தில் எல்லோரும் என்று முறை போட்டுப் பறிப்போம். கொடிகள் உயரமான சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஒருவர் ஏறினால், இன்னொருவர் அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க ஆள் இல்லாமல் ஏறுவது கிறுக்குத்தனம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஐப்பசியில் கொரோனா வந்து, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்திருந்தாள். ஊரும் அவளிடம் சகஜமாகத்தான் பழகியது. அவளும் புருஷனும் என் தோட்டத்துக்கு மூன்று நாள் வந்து பறித்துக் கொடுத்தார்கள். அடுத்து அவர்கள் முறை. அந்த நேரம் பார்த்தா என் வாய் சும்மா இருக்காமல் போக வேண்டும்?

அன்று காலையில் போனில் ஒரு செய்தி வந்தது. 'கொரோனா வந்து குணமானவர்களுக்கு மறுபடியும் தொற்று' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இல்லாமல், டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேருக்குத் தலைப்பை மட்டும் சத்தமாகப் படித்தேன்.

"ஏனுங்க, அப்ப பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு மறுக்காவும் வருமுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"வராம என்னங்க? செய்தியிலயே போட்டுட்டாங்களே!" என்றேன், என்னமோ நான்தான் பெரிய டாக்டர் மாதிரி.

மறுநாள் அவர்கள் தோட்டத்துக்கு ஒருத்தர்கூடப் போகவில்லை. ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவர் வீட்டில் மாடு கன்று போடுகிறதாம். நானும் கடையை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் பறித்துக் கொடுத்த என் மிளகு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று மதியமே மீதிச் செய்தி திறந்துவிட்டது. மறுபடியும் வந்தது சிலருக்குத்தானாம். எதனால் என்று டாக்டர்களே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லையாம். குணமானவர்களை ஒதுக்க வேண்டியதில்லை, எல்லோரும் மாஸ்க் போட்டுத் தள்ளி நின்றால் போதும் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? போனை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் அப்புறம் என் பேச்சை யார் கேட்பார்கள்? இரண்டு நாள் அப்படியே போனது. அவர்கள் மிளகோ பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, விறகு பொறுக்க அவர்கள் தோட்டத்து வழியாகப் போனேன். புருஷன் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏணியின் உச்சியில் நிற்கிறான். அடியில் பிடித்துக்கொண்டிருப்பது அவள். நாலு எட்டு நடந்தாலே இன்னும் மூச்சு வாங்குகிறவள்! பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இருமல் வந்தது. கை விட்டுப்போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஏணி மரத்தை விட்டுச் சரிந்தது. அவன் கொடியோடு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஓடிப்போய் ஏணியை நிமிர்த்திப் பிடித்தேன். அவன் கால் ஏணியில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, தள்ளி நில்லுங்க. உங்களுக்கு ஒட்டிக்கப் போவுது" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே எனக்காகப் பயந்துதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தலைப்ப மட்டும் படிச்சுப்போட்டு ஊரெல்லாம் சொன்னது நான்தான் கண்ணு. மீதியப் படிச்ச பொறவும் வாயத் தொறக்கல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மேலே இருந்தவன் ஒரு கொத்து மிளகைப் பறித்துச் சாக்கில் போட்டான். பிறகு, "சரி, நல்லாப் புடிச்சுக்கங்க்கா. இந்த மரத்தை முடிச்சரலாம்" என்றான்.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மதியம் வரை பிடித்தேன். கடைக்குத் திரும்பி, முழுச் செய்தியையும் எல்லோருக்கும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "டாக்டரம்மா அன்னிக்கு ஒண்ணு சொன்னாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். மறுநாள் இரண்டு பேர் அவர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் அந்த வருஷம் வரவே இல்லை.

அந்தக் கோடையில் எனக்கும் கொரோனா வந்து போனது. அடுத்த தையில் எனக்கே மறுபடியும் வந்தது. ஆக, செய்தி பொய்யில்லை. காய்ச்சலோடு படுத்திருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் மரத்தில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாஸ்க் போட்டுக்கொண்டு அவள் ஏணியைப் பிடித்திருக்கிறாள், புருஷன் என் மிளகைப் பறித்துக்கொண்டிருக்கிறான். நோய் திரும்பி வரும் என்று உறுதியாகவே தெரிந்திருந்தாலும் அன்று நான் அந்த ஏணியைப் பிடிக்கப் போயிருக்க வேண்டும் என்பது, அந்த ஜன்னலோரத்தில்தான் எனக்கு உறைத்தது.